உண்ணப் பரிமாறும்போது தவிர

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஆடிட்டர் ஓடிவிட்டார்.

இப்படி எழுதுவது அநியாயம்தான். எழுபது வயதில் மனிதர் எங்கே ஓடுவார்? மகள் வீட்டுக்கு ஆஸ்திரேலியா போகிறார், இனி அங்கேயே இருந்துவிடுவாராம். கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அவர் விரலால் தொட்டுக் காட்டும் இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன், எனக்குக் கீழே அம்மா போடுவாள். அதுதான் எனக்குத் தெரிந்த வரிச் சட்டம். இன்று போனில் விடைபெற்றுவிட்டு, வைக்கப் போகும் நேரத்தில் சொல்கிறார்: "வாணி, வரி ஆபீஸ்ல இருந்து ஒரு நோட்டீஸ் வந்திருக்கும்மா. பயப்படாத. புது ஆடிட்டர் பாத்துக்குவாரு."

எந்தப் புது ஆடிட்டர்?

நோட்டீஸை மூன்று முறை படித்தேன். விஷயம் இதுதான். ஆத்தூர் கோகிலம் ஃபுட்ஸ் பிரைவேட் லிமிடெட், அதாவது நானும் அம்மாவும் ஒரு மொட்டை மாடியும் பதினோரு பெண்களும், இரண்டு வருடமாக வரி இல்லாமல் ஜவ்வரிசி வடாம் விற்றிருக்கிறோம். அப்பளத்துக்குத்தான் வரி விலக்கு, எங்கள் வடாம் நொறுக்குத்தீனி, ஆகவே பதினெட்டு சதவீதம் கட்டு. செப்டம்பர் 18 அன்று நேரில் வந்து பதில் சொல்லவும்.

வடாம் அப்பளம் இல்லையாம். சித்தப்பா பெண் தங்கை இல்லை என்பது போல் இருக்கிறது.

ஆகஸ்ட் 13

ஐந்து ஆடிட்டர்களுக்குப் போன் செய்தேன். ஐந்து பேரும், செப்டம்பரில்தான் எல்லாக் கம்பெனிக் கணக்கையும் முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அழாத குறையாக வைத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

கிடைத்துவிட்டார்!

பெயர் பரந்தாமன். சேலத்திலிருந்து ஸ்கூட்டரிலேயே வந்தார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து மாடிப்படி ஏறி, வடாம் பிழிந்துகொண்டிருந்த ருக்குமணியக்காவுக்கு முன்னால் போய் நின்றார். ருக்குமணியக்கா மாடிக்குத் தலைவி, எங்கள் பதினோரு பேரில் மூத்தவர், யாருக்கும் பயப்படாதவர். "ஏங்க, இங்க தேங்காயா விழப்போவுது?" என்றார். மனிதர் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கம்பெனி மூழ்கும் நேரத்தில் இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கலாமா என்று நோட்டீஸில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

காபி கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளருக்கு அடியில் பதினைந்து ரூபாய் வைத்தார்.

"என்னங்க இது?"

"ஆடிட்டர் யாரோட கணக்கப் பாக்குறாரோ அவங்ககிட்ட எதுவும் சும்மா வாங்கக் கூடாதுங்க. நாளைக்கு உங்க கணக்குல தப்பு இருந்தா நான் சொல்லணுமில்ல? காபி குடிச்ச வாய் சொல்லாது."

எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டுக் காபிக்கு யாரும் விலை வைத்ததில்லை. ஆனால் இந்த ஆளை விட்டால் வேறு ஆள் இல்லை. செப்டம்பர் முப்பதுக்குள் ஆண்டுக் கணக்கில் ஆடிட்டர் கையெழுத்து விழ வேண்டும், பதினெட்டாம் தேதி நோட்டீஸுக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டில் ஒன்று தப்பினாலும் பாங்க் கடனைப் புதுப்பிக்காது, தீபாவளிக்கு முன்னால் பதினோரு பேரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். கோபத்தை அடக்கிக்கொண்டு பதினைந்து ரூபாயை எடுத்து ருக்குமணியக்காவிடம் கொடுத்தேன். அவர் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைத்தார்.

புது ஆடிட்டரை நியமிக்கப் பங்குதாரர்களின் பொதுக்குழு கூட வேண்டுமாம். மாலை சமையலறையில் கூட்டினோம். பங்குதாரர்கள்: நான், அம்மா. பால் பொங்கியதால் கூட்டம் நடுவில் ஒருமுறை ஒத்திவைக்கப்பட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தப் பையன் சாப்பிட்டானா?"

பையனுக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. இது ருக்குமணியக்கா விசாரித்த தகவல், நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 20

எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும் என்றேன். இனி யாராவது விரலால் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போடுவதாக இல்லை. "அப்ப மூணு வரிங்க. ஒண்ணொண்ணாப் பாக்கலாம்" என்றார்.

முதலாவது விற்பனை வரி, அதாவது ஜி.எஸ்.டி. இது என் பணமே இல்லை. வாங்குகிறவர் கட்டுவது, என் கை வழியாக அரசாங்கத்துக்குப் போவது. வாங்காமல் விட்டால் என் கையிலிருந்து கொடுக்க வேண்டும். எங்கள் கேஸ் அதுதான்.

நான் ராத்திரி முழுக்கப் போட்ட கணக்கைப் பெருமையாக நீட்டினேன். 118 ரூபாய்க்கு விற்ற பாக்கெட், அதில் பதினெட்டு சதவீதம், 21 ரூபாய் 24 காசு. இரண்டு வருட விற்பனைக்கும் அப்படியே பெருக்கி வந்த தொகையைப் பார்த்து நேற்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவர் பென்சிலை எடுத்தார். "நூறு ரூபா சரக்கு. அது மேல பதினெட்டு. ஆக நூத்திப் பதினெட்டு. இப்பத் திரும்பி வாங்க. அந்த நூத்திப் பதினெட்டுக்குள்ள வரி எவ்வளவு?"

"பதினெட்டு."

"இருபத்தொண்ணு இல்லீங்களே."

இல்லையே! விலைக்குள்ளேயே வரி அடங்கியிருந்தால், விலையைப் பதினெட்டால் பெருக்கி நூற்றுப் பதினெட்டால் வகுக்க வேண்டும். தோற்றாலும் இந்த முறையில்தான் கணக்கிடச் சொல்லிக் கேட்போம் என்றார். ஒரு பாக்கெட்டுக்கு 3 ரூபாய் 24 காசு குறைந்தது. எழுந்து மாடிக்கு ஓடி எல்லோரிடமும் சொன்னேன். ஒருவருக்கும் புரியவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

பிறகு, நோட்டீஸ் ஏன் வந்தது என்று எங்கள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் பெருமூச்சு விட்டார். போன வருடம்தான் புது டிசைன் போட்டேன். பொரித்த வடாம் ஒரு கிண்ணம் நிறைய, பக்கத்தில் கொட்டை எழுத்தில் "மொறுமொறு நொறுக்குத்தீனி!" அந்த ஆச்சரியக்குறிக்கு நான்தான் ஆசைப்பட்டேன்.

"நீங்களே நொறுக்குத்தீனின்னு போட்டுட்டீங்க. அவங்களும் அதையேதான் சொல்றாங்க" என்றார்.

ஆனால் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. படித்துக் காட்டினார். அப்பளம், எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும், வரி இல்லை. உண்ணப் பரிமாறும்போது தவிர. அந்த "எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும்" என்பதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். நான் அதை அடிக்கோடிட்டேன். மீதியைக் கவனிக்கவில்லை.

ஆகஸ்ட் 21

மதியம் திடீர் மழை. பதினோரு பேரும் நானும் தார்ப்பாயோடு ஓடினோம். காயப் போட்டதில் பாதி கூழ். ஆனாலும் 118-ல் 18 என்பதை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது.

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று கம்பெனி வரி. கூடவே பெரிய சண்டை.

செலவுப் பட்டியலில் "பல் செட்டு, மேல் வரிசை, கீழ் வரிசை" என்று ஒன்று இருந்தது. அம்மாவுடையது. கம்பெனிக் கணக்கிலிருந்து கொடுத்திருந்தேன். இதில் என்ன தப்பு என்று எனக்கு இன்று காலை வரை தெரியாது.

"கம்பெனிக்குப் பல்லு இருக்குங்களா?" என்று கேட்டார் பரந்தாமன். முகத்தில் ஒரு கீற்றுச் சிரிப்பு இல்லை.

உள்ளே இருந்து அம்மா வந்துவிட்டாள். "நான் டைரக்டருப்பா. அப்ப என் பல்லு கம்பெனிப் பல்லுதான்."

"அம்மா, நீங்க வேறங்க, கம்பெனி வேறங்க. சட்டப்படி கம்பெனி தனி ஆளு."

"யாரு அந்த ஆளு? நான் பாத்ததே இல்லையே?"

 எனக்கும் இருபது நிமிடம் இதே சந்தேகம்தான். பிறகு பளிச்சென்று விளங்கியது. கோகிலம் என்று ஒருத்தி இருக்கிறாள். கண்ணுக்குத் தெரியமாட்டாள். வடாம் விற்ற காசு அவளுடையது. ஜவ்வரிசிக்கும் சம்பளத்துக்கும் அவள் கொடுத்தது போக மீதி அவளுடைய லாபம், அதற்கு அவள் வரி கட்டுகிறாள். எனக்குச் சம்பளம் கொடுப்பவளும் அவள்தான். அவள் பர்ஸில் கைவிட்டு எங்கள் அம்மாவுக்குப் பல் கட்டியிருக்கிறேன். திருட்டு என்று அவர் சொல்லவில்லை. "இயக்குநருக்குக் கொடுத்த கடன்" என்று எழுதி, நான் திருப்பிக் கட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னார். இந்த மாதிரி விஷயத்தில் சட்டம் மோசமாக ஏதும் சொல்வதற்குள் கட்டிவிடுங்கள் என்றும் சொன்னார். அவர் எதிரிலேயே போனில் அனுப்பிவிட்டேன்.

அப்புறம் கோகிலத்தின் வரியை நானே போட்டேன். எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது. நூறு ரூபாய் லாபத்துக்கு, நாங்கள் எடுத்திருக்கும் முறையில் 22 ரூபாய். அந்த 22-க்கு மேல் பத்து சதவீதம் கூடுதல் வரி, 2.20. ஆக 24.20. அதற்கும் மேலே நாலு சதவீதம் செஸ், 97 காசு. மொத்தம் 25.17.

"வரிக்கு வரி, அந்த வரிக்கும் வரியா?" என்று கத்தினேன்.

"நீங்க கத்துறது நியாயந்தாங்க. ஆனா கணக்குச் சரி" என்றார். அப்போது சிரித்தார். முதல் தடவையாக. இடது பக்கம் ஒரு தெற்றுப்பல் இருக்கிறது. அவருடைய சொந்தப் பல்.

ஆகஸ்ட் 27, புதன், விநாயகர் சதுர்த்தி

லீவு நாளில் ஏன் வந்தார் என்று தெரியவில்லை. ரசீதுக் கட்டு ஒன்றை மறந்துவிட்டாராம்.

அம்மா கொழுக்கட்டையை நீட்டினாள். கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோனார். "பிரசாதத்துக்குக் காசு வெச்சீங்கன்னா புள்ளையார் உங்களச் சும்மா விடமாட்டாரு" என்றார் ருக்குமணியக்கா. மனிதர் திண்டாடிப் போனார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "இது கம்பெனி கொடுக்கல, புள்ளையார் கொடுக்கறாரு. அவரு நம்ம கிளையண்ட் இல்ல" என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லி நான்கு சாப்பிட்டார்.

எதற்கு எழுதுகிறேன் என்றால், ஆடிட்டரின் குணம் தெரிந்திருப்பது கம்பெனிக்கு நல்லது.

செப்டம்பர் 3

வருமான வரி. இது கோகிலவாணியுடையது, அதாவது என்னுடையது.

இத்தனை வருடமாக என் சம்பளத்தை ஒரு கோட்டுக்குக் கீழேயே வைத்திருந்தேன். கோட்டைத் தாண்டி ஒரு ரூபாய் போனாலும் மொத்தச் சம்பளத்துக்கும் மேல் விகிதத்தில் வரி என்று பயம். பரந்தாமன் நான்கு டம்ளர்களை எடுத்துவரச் சொன்னார். ஒரு சொம்புத் தண்ணீரை முதல் டம்ளரில் ஊற்றினார். அது நிறைந்ததும் இரண்டாவதில், அது நிறைந்ததும் மூன்றாவதில். "மொத டம்ளருக்கு வரி கெடையாது. ரெண்டாவதுல இருக்கறதுக்கு மட்டும் அஞ்சு சதவீதம். மூணாவதுல இருக்கறதுக்கு மட்டும் பத்து. மூணாவதுல ஊத்துனதால மொத டம்ளர்த் தண்ணி மாறிடுதுங்களா?"

மாறவில்லை! நான்காவது டம்ளரில் கொஞ்சம் ஊற்றி நானே பார்த்தேன். முதல் டம்ளர் அசையாமல் இருந்தது. இத்தனை வருடமாக ஒரு தண்ணீர் டம்ளருக்குப் பயந்து சம்பளம் வாங்காமல் இருந்திருக்கிறேன். இந்த மாதமே எனக்குச் சம்பள உயர்வு. பொதுக்குழு அனுமதிக்கும், அம்மாவிடம் பேசிவிட்டேன்.

பேச்சோடு பேச்சாக ஒரு சந்தேகம் கேட்டேன். பொது அறிவுக்காக. "கல்யாணம் ஆனவங்க ரெண்டு பேரும் சேத்து ஒரே ரிட்டர்ன் போடுவாங்களா?"

"இல்லீங்க. நம்ம நாட்டுல தனித்தனிதான்." பென்சிலைக் கீழே போட்டார். குனிந்து எடுத்தார். திரும்பவும் போட்டார். "சம்பாதிக்கறது தனி, டம்ளரும் தனி. குடும்பம் மட்டும் ஒண்ணு."

ருக்குமணியக்கா அந்த நேரம் பார்த்து எதற்காகக் கீழே வந்தார் என்று தெரியவில்லை. வந்தவர் என்னையும் அவரையும் நான்கு டம்ளரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் மேலே போய்விட்டார். அவர் பேசாமல் போனது இந்தப் பன்னிரண்டு வருடத்தில் இதுவே முதல் முறை.

செப்டம்பர் 4

18-ஆம் தேதிக்கு ஒரு புடவை வாங்கினேன். மயில் கழுத்து நிறம். என் சொந்தப் பணம், கோகிலத்துடையது இல்லை. வரி அலுவலகத்துக்குப் போவதென்றால் பார்க்க மரியாதையாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 10, புதன்

நான்கு நாளாக ஆளைக் காணவில்லை. கணக்கு எல்லாம் பாதியில் நிற்கிறது. எனக்குக் கணக்கைப் பற்றித்தான் கவலை.

போன் செய்தால் காய்ச்சல் என்கிறார். பஸ்ஸில் ஆள் அனுப்பி மிளகு ரசம் கொடுத்துவிட்டேன். மாலையில் தூக்குப் பாத்திரம் கழுவித் திரும்பி வந்தது, உள்ளே நாற்பது ரூபாய்! பாத்திரத்தை மாடிப்படியில் உருட்டிவிட்டேன். ருக்குமணியக்கா எடுத்துப் பார்த்து, "நாப்பதா? ரசத்துக்கு ரொம்ப ஜாஸ்திக் கண்ணு. மனுசனுக்கு உன் ரசம் ரொம்பப் புடிச்சிருக்கும்போல" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கோபத்தை என்னால் சரியாகத் தொடர முடியவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

இதை ஒழுங்காக எழுத வேண்டும். சிரிப்புதான் விடமாட்டேன் என்கிறது.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஏதாவது கொடுக்காமல் நான் இருந்ததில்லை. யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போனதும் இல்லை. வரி அலுவலகம் என்றால் மட்டும் என்ன? காலை ஐந்து மணிக்கு எழுந்து, எங்கள் முதல் தர வடாமைக் கடலை எண்ணெயில் பொரித்து, பெரிய டிபன் பாக்ஸ் நிறைய எடுத்துக்கொண்டேன். ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்தால் அவர்களுக்கே புரிந்துவிடும் என்று நினைத்தேன். பரந்தாமனிடம் சொல்லவில்லை. ஆச்சரியப்படுத்தலாம் என்று.

அலுவலர் ஒரு அம்மா. கண்ணாடி, முடித்த கொண்டை, அதட்டாத குரல். மேசை மேல் எங்கள் பாக்கெட், ஆச்சரியக்குறி என்னைப் பார்த்தபடி. பரந்தாமன் கோப்பைத் திறந்து, "மேடம், சட்டத்துல..." என்று ஆரம்பிக்கும்போதே நான் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டேன்.

வாசனை அறை முழுக்கப் பரவியது. பக்கத்து மேசைக் கிளார்க் எழுந்து வந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அலுவலர் அம்மாவும் கை நீட்டினார்.

"மேடம், சாப்பிடாதீங்க!" என்று அலறினார் பரந்தாமன்.

 கிளார்க் மெல்வதை நிறுத்திக் கன்னம் உப்ப நின்றார். பாவம், விஷம் என்றே நினைத்துவிட்டார்.

"பொரிச்சிட்டீங்களா?" என்று என்னிடம் கேட்டார் பரந்தாமன்.  "கொண்டாந்து கொடுக்கவும் கொடுத்துட்டீங்களா?"

அப்போதுதான் நான் அடிக்கோடிடாத மீதிப் பாதி நினைவுக்கு வந்தது. உண்ணப் பரிமாறும்போது தவிர. வரி இல்லாத ஒரே சரக்கை, வரி வரும் ஒரே விதத்தில், வரி அலுவலரின் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

கண்ணில் நீர் முட்டிவிட்டது. பதினோரு பேர் முகமும் வந்துபோனது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "மேடம், இது கம்பெனிச் சரக்கு இல்லீங்க. கம்பெனி வேற, நான் வேற. கடையில என் காசு கொடுத்து பாக்கெட் வாங்குனேன், பில்லு இருக்கு. எங்க வீட்டு எண்ணெயில நான் பொரிச்சேன். கம்பெனி விக்கறத அப்படியே வாயில போட்டுப் பாருங்க, பல்லுதான் போகும். உளுந்துல செஞ்சா அப்பளம், ஜவ்வரிசியில செஞ்சா வடாம். ரெண்டையுமே காய வெக்கறோம், பச்சையாத்தான் விக்கறோம். நாங்க பாதி வேலைதான் செய்யறோம் மேடம். மீதிப் பாதி உங்க வீட்டு அடுப்புலதான் நடக்குது. நொறுக்குத்தீனின்னு அட்டையில போட்டது என் கொழுப்பு. என்ன பேர் வெச்சா என்னங்க? எந்தப் பேர்ல கூப்பிட்டாலும்னு நீங்கதானே சட்டத்துல எழுதியிருக்கீங்க!"

பில்லை நீட்டினேன். உண்மையிலேயே பில் இருந்தது. ஒரு மாதமாக எதற்கெடுத்தாலும் பில் கேட்கும் மனிதரோடு பழகினால் வேறு என்ன ஆகும்?

அலுவலர் அம்மா பில்லைப் பார்த்தார். பிறகு என்னை. பிறகு கன்னம் உப்ப நின்ற கிளார்க்கை. "முழுங்குங்க சார்" என்றார். அதன் பின் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பரந்தாமன் பழைய தீர்ப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், ஒரு மணி நேரம் பேசினார், குரல் ஒருமுறை கூட உயரவில்லை. உத்தரவு பின்னால் வருமாம்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். திட்டப் போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"கம்பெனி வேற, நான் வேற" என்று மெதுவாகச் சொன்னார். "எவ்வளவு சரியாச் சொன்னீங்க!" பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "இந்தப் பொடவ நல்லா இருக்குங்க" என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனோம். வழியில் தட்டுவடை செட் சாப்பிட்டோம், இரண்டு தட்டைக்கு நடுவில் சட்னியும் துருவிய பீட்ரூட்டும் வைத்தது. அவரவர் காசை அவரவர் கொடுத்தோம்.

செப்டம்பர் 19

தட்டுவடையில் நேற்றுப் பீட்ரூட் அவ்வளவு இனிப்பாக இருந்தது, ஏன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

வந்துவிட்டது! வடாமும் அப்பளமே! நோட்டீஸ் கைவிடப்பட்டது!

மாடியில் ஆட்டம். ருக்குமணியக்கா பிழியும் உரலைத் தூக்கிக்கொண்டு ஆடினார். அம்மா புதுப் பல் தெரியச் சிரித்தாள். நான் எப்படி ஆடினேன் என்று எழுதப்போவதில்லை.

செப்டம்பர் 30

கணக்கில் கையெழுத்துப் போட்டார். இந்த முறை எங்கே போட வேண்டும் என்று யாரும் எனக்கு விரலால் காட்டவில்லை. எல்லாப் பக்கத்தையும் படித்தேன், இரண்டு இடத்தில் கேள்வி கேட்டேன், பிறகுதான் போட்டேன். எனக்குப் பிறகு அம்மா. கடைசியில் அவர். பேனாவை மூடி வைத்துவிட்டு ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய பாரம் இறங்கிய மாதிரியும் இருந்தார், புதிதாக ஒன்று ஏறிய மாதிரியும் இருந்தார்.

காபிக்குப் பதினைந்து ரூபாய் வைத்தார்.

அக்டோபர் 1

ஆயுதபூஜை. உரலுக்கும் கால்குலேட்டருக்கும் சந்தனம் வைத்தேன்.

அக்டோபர் 4, சனி

ராஜினாமா செய்துவிட்டார்.

எங்கள் ஆடிட்டராக இனி இருக்க மாட்டாராம். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றபடி சொன்னார். அவருக்குப் பதில் சேலத்தில் ஒரு அம்மாவிடம் பேசிவிட்டாராம், ரொம்பக் கெட்டிக்காரராம், திங்கள்கிழமை போன் செய்வாராம்.

என்ன சொன்னேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. நிறையச் சொன்னேன். "சின்னக் கம்பெனின்னு எளப்பமா? வேல முடிஞ்சதும் கைகழுவிட்டுப் போறீங்களா? டிபன் பாக்ஸ் கொண்டாந்தது அவ்வளவு அவமானமாப் போச்சா?" தெருவே பார்த்தது.

"நூத்தி நாப்பத்தொண்ணாவது பிரிவுங்க" என்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. "கம்பெனிச் சட்டம். யார் யார் ஆடிட்டரா இருக்கக் கூடாதுன்னு இருக்கு. படிச்சுப் பாருங்க. முப்பதாம் தேதி வரைக்கும் நான் வாயத் தெறக்கக் கூடாதுங்க. தெறந்தா அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லாமப் போயிடும். அந்த நாள் வரைக்கும் நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும்." ஹெல்மெட்டைத் தலைகீழாக மாட்டி, கழற்றி, சரியாக மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

படித்தேன். கம்பெனியில் பணியாற்றுபவர். இல்லை. கம்பெனிக்குக் கடன்பட்டவர். இல்லை, காபிக்குக் கூட. யாருடைய உறவினர் அந்தக் கம்பெனியின் இயக்குநராக இருக்கிறாரோ, அவர்.

இங்கே இயக்குநர்கள் நானும் அம்மாவும். நாங்கள் அவருக்கு என்ன உறவு? ஒரு உறவும் இல்லை. மனிதருக்குச் சட்டமே தெரியவில்லை என்று நினைத்தேன். சரி, உறவினர் என்றால் யார் என்று சட்டம் சொல்கிறது, பார்ப்போம் என்று பக்கத்தைத் திருப்பினேன்.

இரண்டாவதாகப் போட்டிருக்கிறது. கணவன், மனைவி.

அடுப்பில் பால் பொங்கி வழிந்து அணைந்துவிட்டது. அம்மா வந்து பார்த்தபோது நான் சட்டப் புத்தகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேனாம்.

எனக்கு முப்பத்தொன்பது வயது. எங்கள் வீட்டில் மாப்பிள்ளை பார்ப்பதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. இத்தனை நாளாக நான் எழுதியதை முதலிலிருந்து திருப்பிப் படித்தேன். கணக்கைப் பற்றித்தான் கவலையாம். மரியாதைக்குப் புடவையாம். பொய்யே உன் பெயர் கோகிலவாணியா? எனக்கு அந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. அந்தத் தெற்றுப்பல்லைப் பார்த்த நாளிலிருந்து பிடித்திருக்கிறது. போதுமா?

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் சமையலறையில் அவசரப் பொதுக்குழு. தீர்மானம்: ஆடிட்டர் பரந்தாமனின் ராஜினாமா ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

"காரணம் என்னன்னு குறிப்புல எழுதணுமில்ல?" என்றாள் அம்மா.

"பிரிவு நூத்தி நாப்பத்தொண்ணு."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள். "என் பல்லப் பத்திப் பேசறப்போ அவன் கண்ணு உன்னத்தான் பாத்துச்சு. ஒருமனதா நிறைவேறிச்சுன்னு எழுது."

போன் செய்தேன். "உங்க ராஜினாமாவ ஏத்துக்கிட்டோம். நேர்ல வந்து வாங்கிக்குங்க" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ கீழே விழும் சத்தம் கேட்டது. ஹெல்மெட்டாக இருக்கும்.

நாற்பது கிலோமீட்டருக்கு மேல். எப்படி ஓட்டினாரோ, மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, ஆனாலும் ருக்குமணியக்கா எப்படியோ மோப்பம் பிடித்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஹார்லிக்ஸ் பாட்டில்.

 எண்ணெய் காய வைத்து, வடாம் பொரித்து, வாழை இலை போட்டேன். காபியும் கொண்டுவந்து வைத்தேன். சாப்பிட்டார். ஒன்று, இரண்டு, பிறகு இலையில் இருந்தது முழுவதும். காபி குடித்தார். பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வெறுங்கையாகத் திரும்பி வந்து இலைக்குப் பக்கத்தில் அமர்ந்துகொண்டது.

"என்ன சார், காசு எங்க?" என்றார் ருக்குமணியக்கா, பாட்டிலை நீட்டி.

"இனிமே கெடையாதுங்க" என்றார் அவர்.

உண்ணப் பரிமாறினால் விலக்கு இல்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். இன்னும் நான்கு வடாம் எடுத்து இலையில் வைத்தேன்.